பேசும் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு செலவாகும்? ஸ்கிரீன் ரீடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 12 வயதில் பார்வை போனது. இப்போது அயனாவரத்தில் இருக்கிறேன். பகலில் அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் நாலைந்து பேருக்கு ஸ்கிரீன் ரீடர் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், ஆனாலும் இதை எழுத உட்கார வைத்தது போன மாதம் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு அப்பா. மகள் பி.ஏ. தமிழ் முதலாமாண்டு, பார்வை அறவே கிடையாது. அவர் கையில் ஒரு கொட்டேஷன் காகிதம். புது லேப்டாப், "பேசும் சாஃப்ட்வேர்", மூன்று மாதப் பயிற்சி எல்லாம் சேர்த்து 1,30,000 ரூபாய். "சொசைட்டில லோன் சொல்லி வச்சிருக்கேன் தம்பி. சாஃப்ட்வேருக்கே பாதி காசு போவுது, இது சரியான விலைதானா?" என்று கேட்டார். அந்த சாஃப்ட்வேருக்கு அவர் ஒரு பைசா கூடக் கொடுக்கத் தேவையில்லை. இதைச் சொல்ல அவருக்கு அதுவரை ஒருவரும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஸ்கிரீன் ரீடர் என்றால் என்ன? திரையைப் போட்டோ எடுத்துப் படிக்கிறதா?

இல்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒவ்வொரு நிரலும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று விண்டோஸிடம் ஒரு கணக்கு கொடுத்து வைத்திருக்கும். இது ஒரு பட்டன், இதன் பெயர் "சேமி". இது ஒரு டிக் பெட்டி, இப்போது டிக் போட்டிருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிக் குரலாகச் சொல்லும், பிரெயில் கருவி செருகியிருந்தால் விரல் நுனியில் புள்ளிகளாகவும் காட்டும். தமிழில் திரைநவிலி, திரைவாசிப்பான் என்றெல்லாம் எழுதுகிறார்கள், பேச்சில் எல்லோரும் ஸ்கிரீன் ரீடர் என்றே சொல்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் தெரிந்துவிடும். ஒரு செயலியில் வண்டிப் படம், மணிப் படம், மனிதத் தலைப் படம் என்று மூன்று பட்டன்கள் இருக்கின்றன, செய்தவர் பெயர் எழுத மறந்துவிட்டார் என்றால் எங்கள் காதில் விழுவது "பட்டன், பட்டன், பட்டன்" மட்டும்தான். ஸ்கிரீன் ரீடர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு ஒன்றை விலைக்கு வாங்கினாலும் அதுவும் அதையேதான் சொல்லும்.

இலவசமாகக் கிடைப்பது எது?

என்விடிஏ (NVDA) என்கிற, விண்டோஸில் ஓடும் ஸ்கிரீன் ரீடர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் எழுத ஆரம்பித்தது. பிறகு ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்துகொள்ள, 2007-இல் இருவரும் என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கமில்லாத நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இருவருமே பார்வையற்றவர்கள். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். கண் தெரிகிறவன் கம்ப்யூட்டரோடு சேர்த்து மானிட்டருக்குத் தனிக் காசு கொடுத்துத் திண்டாடுவதில்லையே, நாம் மட்டும் ஏன் கம்ப்யூட்டர் விலைக்கு மேல் இன்னொரு விலை கொடுக்க வேண்டும் என்கிற நியாயத்தில் பிறந்தது அது.

இது சில நாளைக்கு மட்டும் இலவசம் என்கிற கதை கிடையாது. திறமூலம், அதாவது நிரலின் மூலவரிகளையே யாரும் பார்க்கலாம், திருத்தலாம், எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். தளத்திலிருந்து பதிவிறக்கும்போது நன்கொடை தருகிறீர்களா என்று ஒரு பக்கம் வரும். முடியாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம், அதில் கூச்சம் வேண்டாம். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் திரும்பிப் போய் முடிந்ததைக் கொடுங்கள். நான் என் முதல் சம்பளத்தில் கொடுத்தேன்.

இலவசம் என்றால் தரம் குறைவாக இருக்குமே?

இதை எல்லோரும் கேட்கிறார்கள், கொட்டேஷன் எழுதியவர்களும் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். வெப்எய்ம் என்ற அமைப்பு உலகம் முழுக்க ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்களிடம் அவ்வப்போது கணக்கெடுக்கும். 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் எடுத்ததில், முதன்மையாகப் பயன்படுத்துவது காசு கொடுத்து வாங்குகிற ஜாஸ் (JAWS) என்றவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா, ஐரோப்பாவில் இருப்பவர்கள், அதாவது காசு கொடுத்து வாங்க வழியுள்ளவர்கள். அவர்களிலேயே இத்தனை பேர் என்விடிஏ வைத்திருக்கிறார்கள்.

ஜாஸைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. டெட் ஹென்டர் என்ற பழைய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், விபத்தில் பார்வை இழந்த பிறகு நிறுவனம் தொடங்கி, 1989-இல், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்திலேயே அதைக் கொண்டுவந்தார். எங்களில் பலருக்கு வேலை வாங்கித் தந்த மென்பொருள் அது. சில பெரிய நிறுவனங்களில் தங்களுக்கென்று தனியாகச் செய்துகொண்ட பழைய நிரல்கள் இருக்கும், அவற்றைப் பேச வைக்க ஜாஸுக்கென்று தனி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பார்கள், அங்கே ஜாஸ்தான் சரி. ஆனால் அமெரிக்காவில் அதன் நிரந்தர உரிமம் ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்த மாதிரி வேலையில் சேர்ந்தால் வாங்கித் தர வேண்டியது கம்பெனி. பி.ஏ. படிக்கிற பெண்ணின் அப்பா சொசைட்டியில் கடன் வாங்கி அல்ல.

அதைப் பழகிப் பார்க்க வேண்டுமென்றால் உரிமம் இல்லாமலே 40 நிமிடம் ஓடும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி 40 நிமிடம். இன்டர்வியூவுக்கு முன் விசைகளைத் தெரிந்துகொள்ள அது போதும்.

தெரிந்தவர் ஜாஸ் கிராக் பதிப்பு பென் டிரைவில் தருகிறேன் என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். திருட்டு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஸ்கிரீன் ரீடர் நீங்கள் அழுத்துகிற ஒவ்வொரு விசையையும் கேட்கிற நிரல், திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் படிக்கிற நிரல். யாரோ உள்ளே கை வைத்து மாற்றிய ஒன்றை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு வங்கிக் கணக்கைத் திறப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பது மாதிரி. தவிர, விண்டோஸ் ஒரு அப்டேட் போட்டதும் கிராக் வாயை மூடிக்கொள்ளும், அன்றைக்குப் பார்த்துப் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருக்கும். எனக்குக் கல்லூரியில் நடந்திருக்கிறது. இலவசமாக நல்லது ஒன்று இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

விண்டோஸிலேயே நரேட்டர் இருக்கிறதே, அது போதாதா?

முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டரிலும் பேச ஆரம்பித்துவிடும். யாருடைய துணையும் இல்லாமல் என்விடிஏவை இறக்கிப் போடுவதற்கு, புதிதாக விண்டோஸ் நிறுவுவதற்கு, என்விடிஏ ஏதோ காரணத்தால் பேசாமல் போகும்போது கைகொடுப்பதற்கு நரேட்டர் தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்ய நான் என்விடிஏதான் சொல்வேன்.

எட்ஜ் உலாவியில் "ரீட் அலௌட்" என்று ஒன்று கட்டுரையை வாசித்துக் காட்டும், தமிழ்க் குரலும் உண்டு. அது வேறு. பக்கத்தை வாசிக்குமே தவிர எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று சொல்லாது.

எந்த மாதிரி லேப்டாப் வாங்க வேண்டும்?

கடைக்காரர் காட்டுகிற விலை உயர்ந்த திரை, கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் நமக்கு ஒன்றும் செய்யாது. எஸ்எஸ்டி இருக்கட்டும், ரேம் 8 ஜிபி இருக்கட்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் திணறினால் கண் தெரிகிறவருக்குச் சுற்றுகிற வட்டம் தெரியும், நமக்குக் கேட்பது அமைதி மட்டும், விசை விழுந்ததா இல்லையா என்றே தெரியாமல் மறுபடி அழுத்துவோம்.

ரிச்சி தெருவில் பழைய அலுவலக லேப்டாப்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. வாங்கும் முன் கீபோர்டில் கையை வைத்துப் பாருங்கள், கடைக்காரர் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டார். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அம்பு விசைகள் நான்கும் பிரிந்து தெரிய வேண்டும். தட்டையாக வழவழவென்று ஒரே பலகை மாதிரி இருந்தால் அது கைக்கு ஆகாது. ஸ்பீக்கர் கரகரக்கிறதா, ஹெட்ஃபோன் ஓட்டை வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள், விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய லேப்டாப் கிடந்தால் முதலில் அதில் பழகுங்கள். அந்த வியாசர்பாடி வீட்டில் அண்ணன் படித்து முடித்துப் போட்ட ஒன்று இருந்தது, விண்டோஸ் 7. புதிய என்விடிஏ அதில் ஏறாது. 2023.3.4 பதிப்பு ஏறும், விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி. இணையத்தில் நாலு காரியம் செய்ய அந்த லேப்டாப் போதாது, ஆனால் விரலுக்கு விசைகளைப் பழக்க ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும்.

என்விடிஏவை எப்படிப் போடுவது?

என்வி ஆக்சஸ் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கோப்பில் என்டர் தட்டினால் முதலில் ஒரு சிறிய இசை, பிறகு நிறுவும்போதே பேச ஆரம்பித்துவிடும், அதனால் பக்கத்தில் கண் தெரிகிறவர் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உரிமத்தை ஏற்கிறேன் என்ற பெட்டியில் ஸ்பேஸ் தட்டி, டேப் விசையால் நகர்ந்து நிறுவு என்ற பட்டனில் என்டர். என்விடிஏவுக்குக் கட்டளை கொடுக்க மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்துகிற விசைக்கு என்விடிஏ விசை என்று பெயர், வழக்கமாக அது இன்சர்ட். முதல்முறை திறக்கும்போது கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். லேப்டாப்காரர்கள் சரி என்று சொல்லிவிடுங்கள், பல லேப்டாப்களில் இன்சர்ட் விசையைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இதற்குப் பிறகு எப்போது அணைந்து போனாலும் கன்ட்ரோல், ஆல்ட், என் சேர்த்து அழுத்தினால் திரும்ப வரும்.

அதே இடத்தில் பென் டிரைவுக்கான பதிப்பையும் செய்துகொள்ளலாம். கல்லூரி ஆய்வகம், பிரவுசிங் சென்டர் எங்கே போனாலும் செருகி ஓட்டலாம், நிறுவ அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். அட்மின் உரிமை கேட்கிற திரைகளை மட்டும் அது படிக்காது. என் சாவிக்கொத்தில் ஒன்று எப்போதும் தொங்குகிறது.

தமிழ் படிக்குமா?

படிக்கும். மெனுவும் பயனர் கையேடும் தமிழிலேயே இருக்கின்றன, தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. குரலுக்கு வருவோம். என்விடிஏவோடு கூட வருகிற ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும். முதல்முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், இயந்திரத்தனமான குரல்தான். மனிதர் பேசிப் பதிவு செய்த ஒலியை ஒட்டித் தருகிற முறை அதில் இல்லை, ஒலியையே கணக்குப் போட்டு உருவாக்குகிறது. அதனால்தான் விசையைத் தொட்டதும் பேசுகிறது, எவ்வளவு வேகம் கூட்டினாலும் குழறாமல் இருக்கிறது. நான் வேலைக்கு அதையே வைத்திருக்கிறேன்.

கதை, கட்டுரை கேட்க மனிதக் குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்புகளில் பேச்சு என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேர்க்கலாம், வள்ளுவர் என்று ஓர் ஆண்குரல் வரும், தனிக் காசு கிடையாது. அப்புறம் என்விடிஏவில் குரல் அமைப்புக்குப் போய் விண்டோஸ் ஒன்கோர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்திய மொழிக் குரல்களுக்காக ஐஐடி மெட்ராஸ் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது, தமிழும் அதில் உண்டு.

ஒன்று கவனியுங்கள். ஆங்கிலக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பல குரல்கள் தமிழ் வரிகளைச் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். பக்கம் காலி என்று நினைத்துவிடாதீர்கள்.

பேராசிரியர் அனுப்பிய தமிழ் நோட்ஸ் புரியாத ஆங்கிலமாகக் கேட்கிறது. ஏன்?

சென்னையில் என்னிடம் வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்த வியாசர்பாடிப் பெண் என்னிடம் கற்றுக்கொள்ள இரண்டாவது வாரம் வந்தபோது ஒரு கோப்பைக் கொண்டுவந்தாள், சங்க இலக்கியம் முதல் அலகு. திறந்தால் ஈஸ்பீக் ஏதோ கரகரவென்று உளறியது. முதல் வரியில் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டேன். "எம், கே, செமிகோலன், கே, ஹெச்." எனக்குப் புரிந்துவிட்டது. பாமினி எழுத்துருவில் அதுதான் "அம்மா". அந்த எழுத்துருவில் எம் என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்துக்குப் பதில் "அ" வரைந்து வைத்திருப்பார்கள், கே இடத்தில் "ம", செமிகோலன் இடத்தில் புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கிரீன் ரீடர் கம்ப்யூட்டரிடம் கேட்கிறது, ஆகவே குவியலைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தருகிற யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியும் டிடிபி கடைகளிலும் கல்லூரித் துறைகளிலும் பழைய எழுத்துருவே பழகிப்போய் ஓடிக்கொண்டிருக்கிறது.

வழி இருக்கிறது. உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் அல்லது அழகி மாதிரியான இலவச மாற்றியில் போட்டு, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக மாறி வரும். அந்த அலகை மாற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. குறுந்தொகைப் பாட்டு ஒன்றை அந்தப் பெண் இன்னொருவர் வாய்வழியாக இல்லாமல் முதல்முறை தானே அம்பு விசையால் நகர்ந்து, நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டாள். ரவா றவா, லவா ளவா என்று காதுக்குக் குழப்பமாக இருந்தால் அப்படித்தான் கேட்க வேண்டும்.

நோட்ஸ் போட்டோவாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ வந்தால் அதில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திற என்று கொடுத்தால் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே பெயர்த்துக் கொடுக்கும். கையெழுத்து நோட்ஸை நம்பாதீர்கள்.

தமிழில் டைப் செய்ய எது எளிது?

தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட விசைப்பலகை. ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் பல செயலிகள் பரிந்துரைப் பட்டியல் ஒன்றைத் திறந்துகொண்டே இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டே எழுதினால் சொல்ல வந்தது மறந்துபோகும்.

தமிழ்99-இல் உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு ஆள்காட்டி விரல்களும் தேடிப் போய் உட்காருகிற அந்த மேடுகளில், எஃப் மேட்டில் இருப்பது புள்ளி, ஜே மேட்டில் இருப்பது "ப". அதற்கு அடுத்த விசை "ம". ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். விண்டோஸ் 11-இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் இந்தப் பலகையும் கிடைக்கும், வேறு எதுவும் இறக்க வேண்டாம்.

பழக எத்தனை நாள் ஆகும்?

ஆளைப் பொறுத்தது. ஆனால் முதல் பத்து நாள் யாருக்கும் கடினம்தான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். காதில் ஓயாமல் ஒரு குரல், விரல் எங்கோ, மனசு எங்கோ, தலை வலிக்கும். அப்போது ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கன்ட்ரோல் விசையைத் தட்டினால் குரல் உடனே நின்றுவிடும், இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். வாயை மூட வைக்க முடியும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிறகு என்விடிஏ விசையோடு 1. அதை அழுத்திவிட்டால் எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன விசை என்று மட்டும் சொல்லும், வேறு எதுவும் நடக்காது. இரண்டு மூன்று நாள் அதிலேயே விளையாடட்டும்.

குரலை மெதுவாக வைத்து ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆறு மாதத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே புரியாத வேகத்தில் கேட்பீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தடுமாறும்போது பொறுக்காமல் மவுஸைப் பிடித்து "இதோ இங்க இருக்குமா" என்று அழுத்திக் கொடுத்துவிடுகிறீர்கள். பாசத்தில் செய்வதுதான், தெரியும். ஆனால் அவள் நின்ற இடம் மாறிப்போய், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அவளாகக் கேட்டால் வாயால் மட்டும் சொல்லுங்கள்.

இணையப் பக்கங்களில் எப்படி உலாவுவது? கேப்ச்சா வந்தால்?

எல்லாவற்றையும் மேலிருந்து கீழே கேட்க வேண்டியதில்லை. ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, எஃப் படிவத்தில் நிரப்ப வேண்டிய இடம், பி (B) பட்டன், டி (T) அட்டவணை. ஷிஃப்டோடு சேர்த்தால் பின்னால் போகும். என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் வகைவாரியாகப் பட்டியலில் வந்து நிற்கும். கோப்பு இறங்கும்போது பீப் சத்தம் சுருதி ஏறிக்கொண்டே போகும், முடியப்போகிறது என்று காது சொல்லிவிடும்.

நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கிற படக் கேப்ச்சாவுக்கு ஒலி வடிவம் இருக்கிறதா என்று டேப் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் நம்மால் தாண்ட முடியாது, அது நம் திறமைக் குறைவு கிடையாது. வங்கிக் கணக்குக்கான கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பில் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, அது போன்ற தடைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, கேஒய்சி முறையை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற உத்தரவுகளும் போட்டது. கிளையில் போய்ப் பேசும்போது இந்தத் தேதியைச் சொல்லிப் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறதே, கம்ப்யூட்டர் எதற்கு?

வாட்ஸாப், பணம் அனுப்புவது, பஸ் பார்ப்பது எல்லாவற்றுக்கும் போன் போதும். முப்பது பக்க ஆய்வேட்டை எழுதித் திருத்தவும் எக்செலில் வேலை செய்யவும் கீபோர்டுதான் வேண்டும், வேலைக்கு எடுப்பவர்களும் அதைத்தான் சோதிப்பார்கள்.

லினக்ஸ், மேக்?

லினக்ஸில் ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் ஓடும். மேக்கில் வாய்ஸ்ஓவர் உள்ளேயே வருகிறது, ஆனால் கருவியின் விலை தெரிந்ததுதான். ஆரம்பிக்கிறவர்கள் விண்டோஸிலேயே ஆரம்பிக்கட்டும், கேட்டால் சொல்லித்தர ஆள் அதிகம்.

சென்னையில் நேரில் எங்கே போய்க் கேட்கலாம்?

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெயில் பிரிவு. உதவி உபகரணங்களுக்கு மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது, மாநிலத் திட்டங்களுக்குக் காமராசர் சாலையில் லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகத்தில் கேளுங்கள். எங்கே போனாலும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்பார்கள், இன்னும் எடுக்காதவர்கள் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

புத்தகங்களுக்கு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-இலிருந்து நடக்கிறது, அச்சில் படிக்க முடியாதவர்கள் உறுப்பினராகலாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம் இருப்பதால், புத்தகத்தை நமக்கு ஏற்ற வடிவில் மாற்றிக்கொள்வது குற்றமாகாது.

அலுவலகத்தில் ஐடி பிரிவு என்விடிஏவைப் போட விட மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் பயம்தான் காரணம். திறமூலம் என்பதால் மூலவரிகளைச் சோதித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், பல பெரிய நிறுவனங்களில் ஓடுகிறது என்று சொல்லுங்கள். ரகசியத் தகவல் என்று தயங்கினால் திரைச்சீலை வசதியைக் காட்டுங்கள், அதைப் போட்டால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறவரால் எதையும் படிக்க முடியாது. ஹெட்ஃபோன் போட்டால் குரலும் வெளியே போகாது. அப்படியும் மறுத்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அப்படியென்றால் எதற்குத்தான் காசு செலவழிப்பது?

காதுக்கு. நாள் முழுக்கப் போட்டாலும் உறுத்தாத, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ள முடிகிற ஹெட்ஃபோன் வாங்குங்கள், வீட்டில் கூப்பிடுவதும் கேட்க வேண்டுமே. ஒரு நல்ல தனிக் கீபோர்டு. தடைபடாத இணையம். சொல்லித்தருகிறவர் தூரத்திலிருந்து வந்தால் அவருக்கு ஆட்டோ காசாவது கொடுங்கள். என்விடிஏ 2025.1 பதிப்பிலிருந்து தொலைவில் இருக்கும் இன்னொருவரின் கம்ப்யூட்டரை இங்கிருந்தே கேட்டு இயக்குகிற வசதி உள்ளேயே வந்துவிட்டது, அதனால் மழை நாளில் அயனாவரத்தில் உட்கார்ந்தபடியே நான் வியாசர்பாடிப் பாடத்தை நடத்திவிடுகிறேன். அந்த அப்பா லோனை ரத்து செய்துவிட்டு, கையில் இருந்த காசில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார்.

எங்களுக்குப் பார்வை இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நோட்ஸ் தயாரிப்பவர் என்றால் யூனிகோடில் அடியுங்கள். அபார்ட்மென்ட் அறிவிப்பை, கல்யாணப் பத்திரிகையைப் படமாக வாட்ஸாப்பில் போடுகிறவர் என்றால் கீழே நாலு வரி எழுத்திலும் போடுங்கள். இணையதளமோ செயலியோ செய்கிறவர் என்றால், இன்றைக்கே என்விடிஏவை இறக்கிப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் டேப் விசையாலேயே உங்கள் படிவத்தை முதல் கட்டத்திலிருந்து கடைசிப் பட்டன் வரை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எங்கே "பட்டன்" என்று மட்டும் கேட்டு நின்றுவிடுகிறீர்களோ, அங்கே அதற்கு ஒரு பெயர் எழுதுங்கள்.